எதிரே நிற்பது யார்? தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சந்தையில் போட்டியைக் கணிப்பது

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஃபியூனரல் பாலிசி, அதாவது ஈமச்சடங்குச் செலவுக்கான காப்பீடு, விற்கும் ஏஜென்டிடம் "உங்களுக்கு யார் போட்டி?" என்று கேட்டால் சான்லம், ஓல்ட் மியூச்சுவல், அவ்பாப், ஹாலர்ட் என்று மளமளவென்று பெயர்கள் வரும். தலைமை அலுவலகத்தில் கேட்டாலும் இதே பெயர்கள்தான். கூடவே ஓர் எக்செல் அட்டவணையையும் நீட்டுவார்கள். யார் எவ்வளவு பிரீமியம் வாங்குகிறார்கள், எவ்வளவு தொகை தருகிறார்கள், பாலிசி எடுத்தபின் பணம் கேட்க உரிமை வரும்வரை காத்திருப்புக் காலம் எத்தனை மாதம், மாமனார் மாமியாரையும் சேர்க்கலாமா என்று வரிசை வரிசையாக இருக்கும். போட்டியாளர் பகுப்பாய்வு என்று துறையில் பலர் சொல்வது இந்த அட்டவணையைத்தான். அதில் தப்பில்லை, அது இல்லாமல் ஒரு பாலிசிக்கு விலை வைக்க முடியாது. ஆனால் ஃபியூனரல் சந்தையை அண்மையில் நன்றாகவே உலுக்கிய நிறுவனம் ஒன்று 2018 வரை அந்த அட்டவணையிலேயே இல்லை. அது ஒரு வங்கி.

அந்தக் கதைக்குப் போகுமுன் சந்தையின் பழைய அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்கா ஏழை பணக்காரர் இடைவெளி மிகுந்த நாடு. ஆனாலும் நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் காப்பீட்டுப் பிரீமியம் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் இது ஒன்று. இங்கே பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கூட்டத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. ஓல்ட் மியூச்சுவல் 1845இல் கேப் டவுனில் உறுப்பினர்களுக்கே சொந்தமான பரஸ்பர சங்கமாகத் தொடங்கியது. 1918இல் சான்லமும் சான்டமும் ஆஃப்ரிக்கானர்கள் என்ற டச்சு வழி வெள்ளையரின் பணம் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உருவாயின. அதே 1918இல், ஸ்பானிஷ் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருடத்தில், புளூம்ஃபோன்டைனில் அவ்பாப் தொடங்கியது. அசுபோல் 1913இல் போலீஸ்காரர்களின் ஈமச்சடங்கு நிதியாக முளைத்தது. லிபர்டி 1957, டிஸ்கவரி 1992, அவுட்ஷூரன்ஸ் 1998.

இந்தியர்களுக்கென்று இப்படி ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனம் எழவில்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்கள், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் துரத்தப்பட்ட பிறகு, வாசலுக்கு வரும் ஏஜென்டிடமே பாலிசி எடுத்தார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், பிள்ளையோடு பள்ளியில் படித்தவர் என்ற நம்பிக்கையில் எடுத்ததுதான் அதிகம். கம்பெனிப் பெயர் இரண்டாம் பட்சம். போட்டியை அளப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது: வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் விற்பவரின் முகத்தைப் பார்த்து. அந்த முகம் வேறு கம்பெனிக்குப் போனால் பாலிசிகளும் பின்னாலேயே போகும்.

சரி, முதல் சிக்கல் பெயர்ப் பலகையிலேயே தொடங்குகிறது. கார் காப்பீட்டுக்கு ஆட்டோ அண்ட் ஜெனரல், பட்ஜெட், டயல்டைரக்ட், ஃபர்ஸ்ட் ஃபார் விமன் என்று நாலு இடத்தில் விலை கேட்டு, நாலையும் ஒப்பிட்டு விட்டதாக ஒருவர் திருப்திப்படலாம். நாலும் டெலிஷ்யூர் என்ற ஒரே குழுமத்தின் பெயர்கள். இன்னும் சுவையான விஷயம், பல நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் ஹிப்போ இணையதளமும் அதே குழுமத்துடையது. ஒப்பிடும் இடமே போட்டியாளர் ஒருவரின் கையில் இருக்கிறது என்றால், எந்த ஊரில் யார் எந்த வண்டிக்கு விலை தேடுகிறார்கள் என்ற தகவல் எந்தப் பக்கம் சேரும் என்று நானே சொல்லத் தேவையில்லை. மிவே தனிக் கம்பெனி போலத் தெரியும். அது சான்டம் வழியாகச் சான்லம் குடும்பம். நேக்கட் என்ற செயலியில் பாலிசி எடுத்தால் பின்னால் ஆபத்தை ஏற்றிருப்பது ஹாலர்ட்.

இதோடு "செல் கேப்டிவ்" என்ற ஏற்பாடு வேறு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இது நன்றாக வேரூன்றிய முறை. ஒரு துணிக்கடையோ தொலைபேசி நிறுவனமோ காப்பீடு விற்க ஆசைப்பட்டால், சொந்தமாக உரிமம் வாங்க வேண்டியதில்லை. கார்டுரிஸ்க், சென்ட்ரிக் போன்ற நிறுவனத்தின் உரிமத்துக்குள் ஒரு தனி அறை மாதிரி இடம் வாங்கிக்கொண்டு, தன் பெயரில் விற்று, தன் பங்கு லாபத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். பெப் கடையில் உடுப்பு வாங்கும் கவுண்டரிலேயே ஹாலர்டின் ஃபியூனரல் பாலிசி விற்றது வேறு வகை ஏற்பாடு என்றாலும், பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர். ஆகவே பாலிசித் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் உரிமக்காரரின் பெயரிலிருந்துதான் பகுப்பாய்வு தொடங்க வேண்டும். பெரிய எழுத்துப் பெயரை வைத்துச் சந்தைப் பங்கைக் கணக்குப் போட்டால் ஒரே ஆளை மூன்று தடவை எண்ணிவிடுவோம்.

இப்போது அந்த வங்கி. கேபிடெக் 2001இல் தொடங்கியது, எளிய கணக்கு, குறைந்த கட்டணம் என்று வளர்ந்து இன்று 2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை வைத்திருக்கிறது. 2018இல் ஃபியூனரல் பாலிசியை இறக்கியது. அப்போது உரிமம் தந்தது சான்லம் குடும்பத்தைச் சேர்ந்த சென்ட்ரிக். சான்லம் தரப்பிலிருந்து பார்த்தால் கேபிடெக் ஒரே நேரத்தில் கூட்டாளியும் போட்டியாளரும். தன் ஏஜென்ட் ஃபீனிக்ஸில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது, அதே வீட்டுப் பெண் வங்கிச் செயலியில் சில நிமிடத்தில் பாலிசி எடுத்துவிடுகிறாள்; அதிலும் சான்லமுக்கு ஒரு பங்கு வருகிறது. எந்தக் கை எந்தப் பையில் இருக்கிறது என்று சொல்வது கஷ்டம்.

பிறகு கேபிடெக் சொந்தமாக ஆயுள் காப்பீட்டு உரிமம் வாங்கியது, கூட்டணி முடிவுக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 2024 தொடக்கத்தில், அசுபோலைச் சுமார் 650 கோடி ரேண்டுக்கு வாங்கப்போவதாகச் சான்லம் அறிவித்தது. இரண்டையும் ஒரே கதையின் இரண்டு பக்கங்களாகப் படிப்பது என் ஊகம், நிறுவனம் அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு வாசல் மூடப்போகிறது என்று தெரிந்த வியாபாரி வேறு வாசல் தேடுவார். அசுபோலில் சான்லம் வாங்கியது பாலிசிப் புத்தகம் மட்டும் இல்லை. அரசு ஊழியர்களிடமும் சிறு வருமானக் குடும்பங்களிடமும் நேரில் போய் விற்கத் தெரிந்த ஒரு படையும் கூடவே வந்தது.

வங்கி ஏன் அவ்வளவு பலமான எதிராளி? விலை ஒரு காரணம், ஏனென்றால் ஏஜென்ட் கமிஷன் மிச்சம். அதைவிடப் பெரிய காரணம், சம்பளம் எந்த நாள் கணக்கில் விழுகிறது என்று வங்கிக்குத் தெரியும். இந்த நாட்டில் ஃபியூனரல் பாலிசி சாவது பெரும்பாலும் வாடிக்கையாளர் மனம் மாறியதால் அல்ல. டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து பிரீமியத்தைத் தானாக எடுக்கும் ஆணை) போகும் நாளில் கணக்கு காலியாக இருக்கும், அது திரும்பி வரும், அடுத்த மாதமும் வரும், பாலிசி லேப்ஸ் ஆகும், அதாவது காலாவதியாகும். 25ஆம் தேதி சம்பளம் வருகிறவருக்கு 1ஆம் தேதி டெபிட் வைத்தால் இடையில் எத்தனையோ செலவு. வங்கி சம்பளம் விழுந்த கையோடு எடுத்துக்கொள்ளும். வெளியிலிருக்கும் காப்பீட்டு நிறுவனமோ அந்தத் தேதியை ஊகித்துத்தான் ஓட்ட வேண்டும்.

லேப்ஸ் விகிதத்தை நான் பிரீமியத்தைவிட மேலே வைப்பதற்கு இதுதான் காரணம். ஒரு நிறுவனம் இந்த வருடம் எத்தனை புதிய பாலிசி விற்றது என்று பத்திரிகைக்குச் சொல்லும். அதில் எத்தனை முதல் வருடத்திலேயே கரைந்தன என்பது ஆண்டறிக்கையின் நடுப்பக்கங்களில் இருக்கும். கமிஷனை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, நாலாவது மாதத்தில் பாலிசி செத்தால், விற்பனை உயர்ந்த அதே வேகத்தில் நஷ்டமும் உயரும். விற்பனைப் படை வேகமாகப் பெருகும் போட்டியாளரைப் பார்த்துப் பயப்படுமுன், அவர்களுடைய பாலிசி எத்தனை மாதம் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால் பயம் பாதியாகக் குறையலாம். இல்லையென்றால் இரட்டிப்பாகலாம்.

ஃபியூனரல் பாலிசியின் உள்ளே என்ன போட்டி நடக்கிறது என்பது இன்னொரு கதை. 2018 முதல் நடைமுறைக்கு வந்த பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகள் பல கதவுகளை மூடின. இயற்கை மரணத்துக்குக் காத்திருப்புக் காலம் 6 மாதத்துக்கு மேல் போகக்கூடாது, விபத்து மரணத்துக்குக் காத்திருப்பே கூடாது. தேவையான ஆவணங்கள் கிடைத்த 2 வேலை நாளுக்குள் கிளெய்மை முடிவு செய்ய வேண்டும். ஒரு நிறுவனத்தில் காத்திருப்பை முடித்தவர் இடைவெளி விடாமல் அதே மாதிரிப் பாலிசிக்கு மாறினால், புதிய நிறுவனம் மறுபடி முதலிலிருந்து காக்க வைக்க முடியாது. இந்தக் கடைசி விதிதான் போட்டியை மாற்றியது. முன்பெல்லாம் "ஆயா, இதை விட்டுட்டு எங்ககிட்ட வந்தா இருபது ரேண்ட் கம்மி" என்று சொல்லும் பையனிடம், "திரும்ப ஆறு மாசம் காத்திருக்கணுமேப்பா" என்று கிழவி மறுத்துவிடலாம். இன்று அந்தப் பதில் செல்லாது.

விதி எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தியதால், நிறுவனங்கள் வேறு இடத்தில் மோதுகின்றன. சிலது மளிகைச் செலவுக்கென்று கூடுதல் பணம் தருகிறது, சிலது உடலை ஊருக்குக் கொண்டுபோகும் செலவை ஏற்கிறது, சிலது கல்லறைக் கல்லுக்குப் பணம் தருகிறது. அவ்பாப் இன்னும் ஒரு படி மேலே: காப்பீடும் அதனுடையது, சவப்பெட்டியும் சவ வண்டியும் அதனுடையது. தன் சேவையையே எடுத்துக்கொண்டால் அடிப்படைச் சடங்குச் செலவில் சலுகை தருகிறது. இதைப் பிரீமிய அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்தக் கூடுதல் பலன்கள் யாருக்காக வடிவமைக்கப்பட்டவை என்றும் பார்க்க வேண்டும். சுலு குடும்பத்தில் அடக்கம் பெரும்பாலும் மரணத்துக்கு அடுத்த வாரக் கடைசியில். சொந்த பந்தம் எல்லாம் தூரத்திலிருந்து வரும், மாடு அறுப்பார்கள், ஊருக்கே சாப்பாடு. 2 நாளில் பணம் வந்தால் அது சரியாகக் கைகொடுக்கும். தமிழ் இந்துக் குடும்பத்தில் கதை வேறு. காலையில் போன உயிருக்கு மறுநாளே கிளேர் எஸ்டேட்டில் தகனம் முடிந்துவிடலாம். அப்போது பணம் வருவது சாம்பல் கரைத்த பிறகு. ஆனால் செலவு அதோடு நிற்பதில்லை, பதினாறாம் நாள் காரியம் வரை நீளும். ஆக இந்தக் குடும்பத்துக்கு 48 மணி நேரம் என்ற விளம்பரம் முதல் நாள் தேவைக்குத் தாமதம், காரியத்துக்கு அவசரமில்லாதது. முதல் நாளிலேயே அடக்கச் சேவைக்காரர் முன்பணம் கேட்காமல் வேலையைத் தொடங்கச் செய்யும் ஏற்பாடு யாரிடம் இருக்கிறதோ, அவரே சாட்ஸ்வர்த்தில் ஜெயிப்பார். டர்பன் வடக்கிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா வரை இதே கணக்குதான் என்று நினைக்கிறேன். தலைமை அலுவலகத்தின் நாடு தழுவிய அட்டவணையில் இந்த வித்தியாசம் கரைந்துபோகும்.

அட்டவணைக்கே வராத இன்னொரு போட்டியாளரும் உண்டு: பக்கத்து வீட்டுக்காரர். ஸ்டோக்வெல் என்ற சேமிப்புக் குழுக்களும் அடக்கச் சங்கங்களும் இந்த நாட்டில் காப்பீட்டு நிறுவனங்களோடு பல தலைமுறையாக அருகருகே வாழ்கின்றன. மாதச் சந்தா, நோட்டுப் புத்தகம், சாவு வீட்டுக்கு உடனே பணம், கூடவே சமைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆட்கள். எந்த நிறுவனமும் பாத்திரம் கழுவ ஆள் அனுப்பாது. பல குடும்பங்கள் சங்கத்தையும் விடுவதில்லை, பாலிசியையும் விடுவதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பாலிசி இருப்பதும் சகஜம். அதனால் "வாடிக்கையாளரைப் போட்டியாளரிடமிருந்து பறிப்பது" என்ற கணக்கு இங்கே சரியாகப் பொருந்தாது. அவர் இரண்டிடமும் இருப்பார். மாதக் கடைசியில் காசு குறைந்தால் எதை முதலில் நிறுத்துவார் என்பதே கேள்வி.

கார் காப்பீட்டில் எதிராளி இன்னும் விசித்திரமானவர்: காப்பீடே எடுக்காதவர். இந்தியாவிலோ இங்கிலாந்திலோ போல மூன்றாம் தரப்புக் காப்பீடு இங்கே கட்டாயம் இல்லை. விபத்தில் அடிபட்டவருக்குப் பெட்ரோல் வரியில் ஓடும் சாலை விபத்து நிதி ஈடு தரும். நசுங்கிய வண்டிக்குத் தராது. சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதிக்குக் காப்பீடு கிடையாது. அதனால் பிரீமியத்தை ஏற்றும்போது வாடிக்கையாளர் அவுட்ஷூரன்ஸுக்கோ கிங் பிரைஸுக்கோ போவார் என்று மட்டும் நினைப்பது பாதிக் கணக்கு. ஒன்றுமே இல்லாமல் ஓட்டவும் போவார்.

விலையை மட்டும் ஒப்பிடுவது எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கார்தான் நல்ல உதாரணம். ஒரு பேச்சுக்கு, ஒரு நிறுவனம் மாதம் 900 ரேண்ட், எக்செஸ் (கிளெய்மில் நாமே கட்ட வேண்டிய பங்கு) 5,000 என்கிறது. இன்னொன்று மாதம் 780, எக்செஸ் 12,000. இரண்டாவதில் வருடத்துக்கு 1,440 ரேண்ட் மிச்சம். எக்செஸில் 7,000 வித்தியாசம். ஐந்து வருடத்துக்குள் ஒரே ஒரு தடவை இடித்தாலும் மலிவு ஏறக்குறைய மறைந்துவிடும். இதோடு வண்டி இருக்குமிடம் காட்டும் டிராக்கர் பொருத்தியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை, திருடர்கள் விரும்பும் பக்கி (பிக்கப் வண்டி) என்றால் இரண்டு டிராக்கர், ராத்திரி எங்கே நிறுத்துகிறீர்கள் என்ற கேள்வி எல்லாம் சேரும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, நாட்டின் மின்கட்டமைப்பே முழுதாக விழுந்தால் வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் பாலிசியில் எழுதிச் சேர்த்தன. பிரீமியம் மாறவில்லை, பாலிசி மாறிவிட்டது. போட்டியாளரின் விளம்பரத்தைவிட விலக்குப் பட்டியலை வருடா வருடம் வைத்து ஒப்பிட்டால், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியும்.

அவுட்ஷூரன்ஸின் போனஸையும் இப்படித்தான் படிக்க வேண்டும். மூன்று வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் கட்டியதில் 10 சதவீதம் ரொக்கமாகத் திரும்பும். வாடிக்கையாளருக்கு அது பரிசு. நிறுவனத்துக்கு அது சல்லடை: கவனமாக ஓட்டுகிறவர் தங்குவார், சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போட யோசிப்பார், இரண்டரை வருடம் கட்டியவர் வேறு நிறுவனம் 50 ரேண்ட் குறைத்தாலும் நகர மாட்டார். டிஸ்கவரி 1997இல் கொண்டுவந்த வைட்டாலிட்டி என்ற உடல்நல ஊக்கத் திட்டமும் அதே யோசனையின் வேறு வடிவம். உடற்பயிற்சி செய்கிறவரை ஈர்த்து, அப்படிச் செய்யாதவரைப் போட்டியாளரிடம் விட்டுவிடுகிறது. எதிராளி யாரைப் பிடிக்கிறார் என்பதோடு யாரை நம் பக்கம் தள்ளிவிடுகிறார் என்றும் பார்க்காவிட்டால், நம் சந்தைப் பங்கு ஏறிக்கொண்டே போய் லாபம் மட்டும் இறங்கும்.

எல்லா விலை ஏற்றமும் தந்திரம் அல்ல. 2022 ஏப்ரலில் குவாசூலு-நடாலில் வந்த வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், டர்பனின் தெற்கே டொயோட்டா ஆலை மூழ்கியது. அதன் பிறகு மறுகாப்பீட்டுச் செலவு, அதாவது காப்பீட்டு நிறுவனங்களே தங்களுக்கு எடுக்கும் காப்பீட்டின் செலவு, ஏறியது. மியூனிக் ரீ, ஸ்விஸ் ரீ, ஹானோவர் ரீ போன்ற அதே சில பெயர்கள்தான் பல போட்டி நிறுவனங்களுக்குப் பின்னால் நிற்கின்றன. அவர்கள் ஏற்றினால் எல்லாருக்கும் ஏறும்.

தகவல் எங்கே கிடைக்கும்? ஆண்டறிக்கை, கடனடைப்புத் திறன் அறிக்கை, வேலை விளம்பரங்கள், வாடிக்கையாளர் போல அழைத்து விலை கேட்பது. இதில் ஒரு எச்சரிக்கை: 2023 ஜனவரி முதல் ஐஎஃப்ஆர்எஸ் 17 கணக்கு முறை வந்ததால், அதற்கு முந்தைய லாபத்தையும் பிந்தைய லாபத்தையும் பக்கத்தில் வைத்து "இவர்கள் சரிந்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டக்கூடாது. எனக்குப் பிடித்த இடம் வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ஒம்பட் அலுவலகத்தின் புள்ளிவிவரம். நாலு தனித்தனி ஒம்பட்கள் 2024 மார்ச்சில் தேசிய நிதி ஒம்பட் அமைப்பாக ஒன்றானார்கள். அதற்கு முன்பே எந்த நிறுவனத்தின் மேல் எத்தனை புகார், அதில் எத்தனை முடிவுகள் வாடிக்கையாளருக்குச் சாதகமாக மாறின என்று பெயர் போட்டே வெளியிட்டு வந்தார்கள். புகார் எண்ணிக்கை பெரிய நிறுவனத்துக்குப் பெரிதாகத்தான் இருக்கும். முடிவு மாறிய விகிதம் அப்படியில்லை. நிறுவனம் கிளெய்மை எப்படி நடத்துகிறது என்பதை அது நேராகச் சொல்லிவிடும்.

எங்கே கிடைக்கக்கூடாது என்பதும் முக்கியம். 2022 ஆகஸ்டில் போட்டி ஆணையம் எட்டு காப்பீட்டு நிறுவனங்களின் அலுவலகங்களில் ஒரே நாளில் சோதனை போட்டது. பிரீமிய விகிதங்களையும் கட்டணங்களையும் பற்றித் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டார்கள் என்பது சந்தேகம். சோதனை நடந்தாலே குற்றம் உறுதி என்று ஆகாது. ஆனால் அன்றிலிருந்து எந்த நிறுவனத்திலும் பகுப்பாய்வாளர் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "இது எங்கிருந்து வந்தது" என்று எழுதி வைப்பது நல்லது. பொதுவில் கிடைத்த விலையைத் திரட்டுவது வேலை. கால்ஃப் மைதானத்தில் எதிராளியின் அதிகாரி சொன்ன அடுத்த மாத விலை வம்பு.

போட்டியே இல்லாத ஒரு மூலையும் இருக்கிறது. கலவரச் சேதத்தைச் சாதாரண நிறுவனங்கள் தொடுவதில்லை; 1976 சொவெட்டோ எழுச்சிக்குப் பிறகு 1979இல் அமைந்த சஸ்ரியா என்ற அரசு நிறுவனம் மட்டுமே அதை ஏற்கிறது, மற்றவர்கள் அதைத் தங்கள் பாலிசியோடு சேர்த்து விற்றுத் தருகிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனிலும் ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்திலும் கடைகளும் கிடங்குகளும் எரிந்தபோது, சஸ்ரியாவின் பொறுப்பு 3,000 கோடி ரேண்டைத் தாண்டி, அரசே பணம் போட்டுத் தாங்க வேண்டியதாயிற்று. அந்தச் சேர்க்கை இல்லாமல் மலிவாகப் பாலிசி எடுத்திருந்த சிறு கடைக்காரருக்கு, மற்ற எல்லாம் சரியாக இருந்தும், ஒன்றும் கிடைக்க வழியில்லை.

இப்போது நடப்பது வங்கிக் கதையின் மறுபக்கம். டிஸ்கவரி 2019இல் வங்கி தொடங்கியது, ஓல்ட் மியூச்சுவல் 2025இல் தன் வங்கியை மக்களுக்குத் திறந்தது. காப்பீட்டுக்காரர்கள் வங்கி வைப்பதைப் புது வருமானத்துக்காக என்று விளக்குவார்கள். எனக்கென்னவோ சம்பளத் தேதிக்காக என்றே படுகிறது. ஓல்ட் மியூச்சுவலின் ஃபியூனரல் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் சம்பளத்தை அந்த வங்கிக்கு மாற்றுகிறார்கள், மாற்றியவர்களின் லேப்ஸ் விகிதம் எவ்வளவு இறங்குகிறது என்ற இரண்டு எண்களும் வரும் ஆண்டறிக்கைகளில் கசியத் தொடங்கும். சாட்ஸ்வர்த்து ஏஜென்டின் எக்செல்லில் அவற்றுக்கு இன்னும் கட்டம் இல்லை.